சோப்பு டப்பா அண்ணாச்சி

காலை ஆறு மணி பத்து நிமிடம். கேட்டைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒரு பச்சை சோப்பு டப்பா. வெளியூர் போகும்போது சோப்பு எடுத்துப்போகிற சாதாரண பிளாஸ்டிக் டப்பா. அதன் மூடியில் ஓட்டை போட்டிருந்தது. ஓட்டைக்குள் ஒரு நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் ஆளைப் பார்த்தேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பனியனும் கட்டம் போட்ட கைலியுமாக உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு பெட்டிகளோடும் சுருட்டிய பாயோடும் அவருக்கு நேர் எதிரே நிற்கிறேன். அவர் தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்தபடியே சொன்னார்:

"வாங்க. ஆறு பத்துக்கு கேட்டு தொறந்துருக்கு."

சிவகாசியில் நான் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர். ஒரு நாளிதழுக்கு அந்த வட்டாரச் செய்திகளை அனுப்பும் வேலையில் அப்போது இருந்தேன். அவருக்கு அறுபதுக்குக் கொஞ்சம் மேலே வயது. தெருவுக்கே அவர் அண்ணாச்சி. கீழே முன்பக்கம் அவரும் மனைவியும் இருந்தார்கள். பின்பக்கத்து ஒற்றை அறையில் முத்துமாரியும் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவள் மகளும். மாடியில் ஒரு பக்கம், அச்சகத்தில் மிஷின் ஓட்டும் செல்வத்தின் குடும்பம். மறுபக்கம் நான்.

அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயங்கள் உண்டு. பின்னால் இடம் கிடைக்காது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, அவர் வேலை சுத்தமாக இருக்கும். ஒயர்களை நிறம் பார்த்துப் பிரித்து, நுனியைச் சீவி, பற்றவைப்பார். ஈயம் ஒரு பொட்டு அதிகமாகச் சொட்டாது. இன்னொன்று, விளக்கிச் சொல்வதில் கெட்டிக்காரர். குடிவந்த அன்று சாயங்காலமே என்னை உட்காரவைத்து ஒரு போர்டை உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா பாருங்க சார். தீப்பெட்டி அகலம்தான். ஆனா இதுவும் ஒரு கம்ப்யூட்டருதான். இந்தப் பக்கம் கண்ணு வைக்கலாம், காது வைக்கலாம், தொட்டுப் பாக்க வெரலு வைக்கலாம். வீட்டு வைஃபையில சேத்துவிட்டா கண்டதப் போனுக்குச் சொல்லிப்புடும். தூங்காது. லீவு கேக்காது. கூட நிக்கிறவனுக்குப் பாவம் பாக்காது."

கடைசியில் சொன்னதுதான் அவருக்கு மிகவும் பிடித்த குணம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இந்த போர்டுகளை அவர் ஆன்லைனில் வாங்கினார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று செய்துகாட்டும் வீடியோக்களைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தார். அந்தச் செய்முறைகளை நானும் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடக் கண்காட்சிகளில் பிள்ளைகள் மேஜைமேல் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு விளக்கை மினுக்குவது. அறையின் சூட்டையும் ஈரப்பதத்தையும் போனில் பார்ப்பது. செடிக்கு மண் காய்ந்தால் தகவல் அனுப்புவது. ஆள் நடந்தால் விளக்கு எரிய வைப்பது. கதவு திறந்தால் சொல்வது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டுவது. யாருக்கும் கெடுதல் இல்லாத சமாச்சாரங்கள். ஆனால் அவர் கைக்கு வந்ததும் அத்தனையும் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கின. யாரு?

ஈரப்பதம் பார்க்கும் டப்பாவை மாடிப்படிச் சுவரில் மாட்டினார். மாடியில் இருப்பவர்கள் படிக்கட்டில் ஈரத்துணி காயப்போடுகிறார்களா என்று கண்டுபிடிப்பதற்கு. சிவகாசியில் மழை வருவது அபூர்வம். ஐப்பசியில் ஒருநாள் வந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே படியின் கீழே நின்று அவர் குரல் கொடுத்தார்.

"ஈரம் தொண்ணூறக் காட்டுது. படியில துணி போட்டது யாரு?"

செல்வம் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, வெளிய மளை பேயுது."

"அது பேஞ்சுட்டுப் போகட்டும்லே. உள்ள போட்டது யாரு?"

"மேகம்தான் அண்ணாச்சி. கூப்ட்டு வெசாரிங்க."

அவர் சிரிக்கவில்லை. படியேறி வந்து ஒவ்வொரு கைப்பிடிக் கம்பியாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

வாசலில் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி. அதன் மண்ணில் இரண்டு கம்பிகளைக் குத்திவைத்தார். மண் காய்ந்ததும் போனில் செய்தி வரும். செய்தி வந்தால் அவர் செய்வது, இன்றைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியது எந்த வீட்டின் முறை என்று விசாரிப்பது. முறைக்குரியவர் வேலைக்குப் போயிருந்தால், திரும்பி வரும்வரை காத்திருந்து கேட்பார். குழாய் அவருடைய நாற்காலியிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செடி பங்குனிக்குள் காய்ந்து போனது.

சொந்த வீட்டுக்குள்ளும் சலுகை கிடையாது. மனைவிக்குச் சர்க்கரை வியாதி. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்த சுவிட்சை ஒட்டி, திறக்கும்போதெல்லாம் தன் போன் மணியடிக்கும்படி செய்துவைத்தார். ஒருநாள் மதியம் அவர் என்னோடு பேசிக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. பார்த்தார். அடுத்த நிமிடம் மறுபடி அடித்தது. உள்ளே திரும்பி, "அங்கன என்ன?" என்றார். உள்ளேயிருந்து அந்த அம்மாள் சொன்னது தெருவரை கேட்டது.

"ஊசி மருந்து எடுத்தேன். வேணும்னா வந்து குத்திவிடுங்க. சும்மா தொறந்து தொறந்து மூடுறேன், ஒங்க டப்பாவுக்கு வேல வேண்டாமா?"

என்னிடம் பின்னொரு நாள் அந்த அம்மாள்தான் சொன்னார், ஒரு குற்றச்சாட்டாகக்கூட இல்லாமல்: "இவுக கேட்டுல நின்ன ஆளு சார். அந்தக் கேட்ட விட்டு வந்துட்டாக. கேட்டு இவுகள விட்டுப் போகல."

பட்டாசுக் கம்பெனி ஒன்றின் வாசலில் அவர் இருபது வருஷத்துக்கு மேல் சோதனை பார்த்தவர். உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி, பீடி, போன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நைலான் சேலை உரசினால் பொறி வரும், கட்டி வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் நின்ற காலத்தில் அந்தக் கம்பெனியில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை என்று அவர் சொல்வார். எனக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. முத்துமாரி அதே கம்பெனியில் திரி வெட்டும் வேலை பார்த்தவள். அவளிடம் கேட்டேன்.

"பாக்க வேண்டியதுதான சார். உசுரு சமாச்சாரம். ஒருத்தன் பாக்கெட்டுல ஒரு தீக்குச்சி இருந்தா நாங்க அம்புட்டுப் பேரும் போயிருவோம். அதுக்கு அவரக் குத்தம் சொல்ல மாட்டேன்." அவளே தொடர்ந்தாள். "ஆனா தூக்குவாளியத் தொறந்து சோத்தக் கிண்டிப் பாப்பாரு. சோத்துக்குள்ள என்ன இருக்கப்போகுது? ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதும் அவரு மொகத்தப் பாக்கணுமே. நம்ம கிட்ட எதையோ பறிகுடுத்த மாதிரி இருப்பாரு."

அந்த முகத்தை நானும் பார்த்திருந்தேன்.

முத்துமாரிக்கு நாற்பது வயது இருக்கும். கணவன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. கம்பெனி, உரிமம் சம்பந்தமான ஏதோ சிக்கலில், நான் குடிவந்த வருஷத் தீபாவளிக்குப் பிறகு திறக்கவே இல்லை. அவள் வீட்டிலிருந்தபடி வெடிக்கான காகிதக் குழாய்களை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மருந்து இல்லாத வெறும் குழாய்கள்தான். ஒற்றை அறை முழுக்கக் குழாய்கள் காய்ந்துகொண்டிருக்கும். அதனால் மகள் மாடிப்படியில் உட்கார்ந்து படிப்பாள். படி விளக்கு ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணையும். பெண் பாடத்தில் ஆழ்ந்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையைத் தலைக்குமேல் தூக்கி ஒரு தரம் ஆட்டுவாள். விளக்கு எரியும். சாயங்காலங்களில் நான் படியேறும்போது அந்தக் கை இருட்டில் எழுந்து ஆடுவதைப் பார்ப்பேன்.

விளக்கு இத்தனை நேரம் எரிகிறதே என்று அதற்கும் அவர் விசாரணை வைத்தார். "படியில யாரு?"

"எம் பொண்ணுதான் அண்ணாச்சி. பரீட்ச வருதுல்ல."

"பரீட்சைக்குப் படிக்கிற புள்ள எதுக்குக் கையக் கைய ஆட்டுது?"

"ஒங்க லைட்டுதான் அவள ஆடச் சொல்லுது," என்றாள் முத்துமாரி. "படிக்க விட்டா அவ பாட்டுக்கு உக்காந்திருப்பா."

அந்த வருஷம் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மார்ச்சில் மகளின் பொதுத்தேர்வு முடிகிறவரை அந்த அறையில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். பெண் நன்றாகப் படித்தாள். செவிலியர் படிப்பில் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீடு மாறுவதென்றால் வெம்பக்கோட்டைப் பக்கம் முத்துமாரியின் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள். இதையெல்லாம் அவள் ஒளிக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

பொங்கல் கழிந்து அவர் கவனம் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தது.

சிவகாசியில் தண்ணீர் என்றால் எல்லோருக்கும் குரல் மாறும். நகராட்சித் தண்ணீர் பல நாளைக்கு ஒருமுறை வரும். வரும்போது தரைக்கடியில் இருக்கும் தொட்டியில் பிடித்துவைத்து, மோட்டார் போட்டு மொட்டைமாடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்கு ஏற்றுவோம். நான்கு வீட்டுக்கும் அந்த ஆயிரம் லிட்டர்தான். அவர் தொட்டி மூடியின் அடிப்பக்கத்தில் ஒரு டப்பாவைப் பொருத்தினார். அது கீழே தண்ணீரை நோக்கிச் சத்தம் அனுப்பும். நம் காதுக்குக் கேட்காத சத்தம். தண்ணீரில் பட்டு அது திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு போனுக்கு அனுப்பும். போனில் அது ஒரு கோடாகத் தெரியும்.

டப்பாவை மூடியில் பிடித்து நிறுத்த அவர் தினசரி காலண்டரின் அட்டையை வெட்டி ஒட்டினார். இந்த ஊரில் எதற்கும் அதுதான் பலகை. ஆடும் மேஜைக்கு அடியில் கொடுப்பார்கள். உடைந்த ஜன்னலுக்கு அடைப்பார்கள். அடுப்புக்கு விசிறுவார்கள். அச்சகங்களில் கழித்துப் போட்ட அட்டை எல்லா வீட்டிலும் அடுக்கிக் கிடக்கும், காசு கொடுத்துப் பலகை வாங்க யாருக்கும் தோன்றாது. தண்ணீருக்கு மேலே, வெயிலுக்குக் கீழே காகித அட்டை எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை. கூடவே மூடியின் விளிம்பில் ஒரு காந்த சுவிட்சும் வைத்தார். எங்களைக் கூப்பிட்டு ஒரு விதியும் சொன்னார்.

"மூடிய யாரும் தொறக்கக் கூடாது. தொட்டா எனக்கு மெசேஜ் வந்துரும். சொல்லிட்டேன்."

மாசி வெயில் ஏறத் தொடங்கியபோது கோடு இறங்கியது. ஒவ்வொரு நாளும் உச்சிவெயிலில் தொட்டியில் கால்வாசித் தண்ணீர் குறைவதாகப் போன் காட்டியது. மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் முத்துமாரியின் வாசலில் போய் நின்றார். அன்று நான் வீட்டிலிருந்தேன்.

"ஏம்மா, மத்தியானத்துல தொட்டித் தண்ணி கொறையுது. செல்வம் பிரஸ்ல இருக்கான். அவன் பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டு ஊருக்குப் போயிட்டா. இங்கன இருக்கது யாரு?"

முத்துமாரி கையில் பசையோடு எழுந்து வந்தாள். "நானும் ஒங்க வீட்டுக்காரம்மாவும் அண்ணாச்சி."

முன்வீட்டுக்குள் யாரோ சிரித்தார்கள். அவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும்.

"பச காச்சத் தண்ணி எடுக்கத்தான செய்யுத?"

"ஒரு சொம்பு எடுக்கேன். ஒரு சொம்புலயா கால் தொட்டி கொறையும்?"

"மிஷினு பொய் சொல்லுமா?"

"நான் சொல்லுவனா?"

அவர் போனை நீட்டிக் காட்டினார். அதன் அர்த்தத்தை அவள் புரிந்துகொண்டாள்.

"மாடியில ஏறி ஒரு எட்டு பாத்துருங்க அண்ணாச்சி. தொட்டி எங்கயும் ஓடிரல."

"அதான் மிஷினு பாத்துக்கிட்டு இருக்கே. நான் எதுக்குப் பாக்கணும்?"

சாயங்காலம் என்னிடம் போனைக் காட்டினார். நான் கோட்டைப் பார்த்தேன். மதியம் இறங்கிய கோடு, வெயில் தாழ்ந்ததும் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. முதல் நாளும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும்.

"சாயங்காலம் மோட்டார் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லையே."

"பிறகு தண்ணீர் ஏறியது எப்படி?"

அவர் கோட்டைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் மாடிக்கு ஏறியிருப்பார்கள். அவர் தலையைத் தூக்கிச் சொன்னார்:

"பயத்துல திரும்ப ஊத்திருக்கா சார்."

கால் தொட்டி என்பது பதினெட்டு, இருபது குடம். அவற்றை மொட்டைமாடிக்குத் தூக்கி, ஆள் உயரத்துக்குமேல் இருக்கும் தொட்டிக்குள் தினமும் திரும்ப ஊற்றுகிறாள் என்று சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

"நீங்க அவுகள லேசா நெனைக்கீக. குடம் தூக்குறது அவுகளுக்கெல்லாம் ஒரு வேலையா?"

அவளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்த மாதத்தோடு. முத்துமாரி அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று கேட்டதை மாடியிலிருந்து கேட்டேன். குரலை உயர்த்தவில்லை.

"பரீட்ச வரைக்கும் இருந்துக்கிடுதேன் அண்ணாச்சி. கடைசிப் பரீட்ச முடிஞ்ச அன்னைக்கே சாவியக் கையில தாரேன். வேணும்னா எங்க வீட்டுக் கொளாய அடைச்சுருங்க. தெருக் கொளாய்ல புடிச்சுக்கிடுதேன்."

"தண்ணி எடுத்தேன்னு ஒத்துக்கிடு. இருந்துக்க."

நான் பத்திரிகை வேலையில் பலவிதமான பேரங்களைக் கேட்டிருக்கிறேன். இதை எந்த வகையில் சேர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை. அவள் ஒத்துக்கொண்டிருந்தால் இருக்க விட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். சோற்றுக்குள் ஏதோ கிடைத்த திருப்தி அவருக்குப் போதுமாயிருக்கும்.

"எடுக்காதத எடுத்தேன்னு எப்படிச் சொல்ல?" என்றாள் அவள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் என் கதவைத் தட்டினாள். "சார், மொட்டமாடி வரைக்கும் வாரீகளா? சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்."

"மூடியைத் திறந்தால் அவருக்குச் செய்தி போகுமே."

"போகட்டும் சார். அதுக்குத்தான். நான் கூப்ட்டா வர மாட்டாரு. அந்த டப்பா கூப்ட்டா வருவாருல்ல."

மொட்டைமாடித் தரை செருப்பையும் மீறிச் சுட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் கட்டையில் அவள் ஏறினாள். நானும் ஏறினேன். திறப்பதற்குமுன் மூடியைப் பார்த்தோம். கறுப்பு பிளாஸ்டிக் வெயிலில் இளகி, நடுவில் எண்ணெயில் பொங்கி எழும்பும் பூரிபோல மேலே உப்பியிருந்தது. அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் தூக்கினாள். அடியில் ஒட்டியிருந்த காலண்டர் அட்டை ஒரு பக்கம் பிடிவிட்டு, ஊறித் தொங்கியது. அதோடு டப்பாவும் சாய்ந்து, தண்ணீரைப் பார்க்க வேண்டியது தொட்டியின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறக்குறைய காலையில் மோட்டார் நிறுத்திய அளவிலேயே இருந்தது. முத்துமாரி கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மணிக்கட்டு நனைந்தது.

படியில் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. அவர் அவ்வளவு வேகமாக ஏறி நான் பார்த்ததில்லை. கையில் போன்.

"பாருங்க அண்ணாச்சி," என்று முத்துமாரி கட்டையிலிருந்து இறங்கி வழிவிட்டாள். "ஒங்க போன்ல என்ன காட்டுது?"

போனில் கால்வாசி குறைந்திருந்தது. அவர் ஏறி உள்ளே பார்த்தார். மூடியைத் திருப்பிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். மூடியை அதன் இடத்தில் வைத்து, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினார். உப்பல் டப்பென்று உள்ளே போனது, அடியில் சாய்ந்திருந்த டப்பாவும் நிமிர்ந்தது. போனில் கோடு மேலே ஏறியது. விரலை எடுத்தார். மூடி மெல்ல எழும்பியது. கோடு இறங்கியது. மறுபடி அழுத்தினார். மறுபடி ஏறியது.

"மூடி இளகுது," என்றார், தனக்குத்தானே. "அட்ட விட்டுருச்சு."

முத்துமாரி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். சரிம்மா, இருந்துக்க என்ற அளவுக்கு ஒரு வார்த்தை. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் போனைக் கைலி மடிப்பில் செருகினார். வியர்வையைத் துடைத்தார். பிறகு போனைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். அதில் இன்னொரு செய்தி இருந்தது.

"மூடியத் தொறந்தது யாரு?"

எனக்கு ஒரு கணம் கேள்வியே புரியவில்லை.

"நாந்தான்," என்றாள் முத்துமாரி.

"இரண்டு பேரும்தான் திறந்தோம்," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க சார். ஒங்கள யாரும் கேக்கல." அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "தொறக்கக் கூடாதுன்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னீக."

"சொல்லியும் தொறந்துருக்க."

"தொறந்ததுனாலதான அண்ணாச்சி ஒங்களுக்கே வெவரம் தெரிஞ்சுது? தண்ணி இருக்கா இல்லையா?"

"தண்ணி இருக்கு. நான் இல்லன்னு சொல்லல. அந்த வெவரம் வேற. தொறந்தது வேற." அவர் குரலில் கோபம்கூட இல்லை. சோதனையில் கடைசியில் ஏதோ கைக்கு அகப்பட்டவரின் நிதானம் இருந்தது. "இன்னைக்கு மூடியத் தொறந்தவ நாளைக்கு எதத் தொறப்பான்னு எனக்கு என்ன தெரியும்? சொன்ன மாதிரி மாசக் கடைசியில காலி பண்ணிரு."

முத்துமாரி நனைந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கம்பெனிக் கேட்டுல தீக்குச்சி இருக்கான்னு பாத்தீக. இங்கன என்னத்த அண்ணாச்சி தேடுறீக?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவர் டப்பாவைக் கழற்றி, நனைந்த பக்கத்தை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தார். மறுநாளே அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, தொட்டியின் வாய்க்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கட்டி டப்பாவை அதில் தொங்கவிட்டார். வேலை சுத்தமாக இருந்தது. அதன்பிறகு கோடு மதியத்தில் இறங்கவில்லை. என்னிடம் வந்து காட்டினார். "பாத்தீகளா சார், இப்ப சரியாயிருச்சு."

செல்வமும் நானும் இரண்டு முறை போய்ச் சொன்னோம். அவர் மனைவி ஒரு முறை சொன்னார். எல்லோருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். தண்ணீர் விஷயத்தில் அவளைத் தப்பாக நினைத்தது உண்மை, அதை விட்டுவிட்டேன். மூடி விஷயத்தை எப்படி விடுவது? இதை அவர் மிகவும் நியாயமான ஆளின் தொனியில் சொன்னார். கேட்கிறவர்களுக்குத்தான் எங்கேயோ கணக்குத் தப்புகிறது என்பதுபோல.

மாசக் கடைசியில் சின்ன யானை என்கிற சரக்கு வண்டி ஒன்று வந்தது. ஒட்டிமுடித்த குழாய்களைச் சாக்கில் கட்டி ஏற்றினார்கள். மகள் புத்தகங்களை ஒரு தண்ணீர் வாளிக்குள் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முத்துமாரி சாவியை அவரிடம் கொடுக்கவில்லை. அவர் மனைவி கையில் கொடுத்தாள். அந்த அம்மாள் அதை வாங்கிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். முத்துமாரி, "வாரேன் அக்கா, ஒடம்பப் பாத்துக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

வண்டி வெளியே போனபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் தேர்வுகளை வெம்பக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து எழுதினாள். கணக்குத் தேர்வன்று காலை பள்ளிக்கூடத்து வாசலில் அவளைப் பார்த்தேன். நின்றுகொண்டே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்றாள்.

முத்துமாரி இருந்த அறையின் கதவில் அவர் புதிதாக ஒரு சோப்பு டப்பாவைப் பொருத்தியிருந்தார். கதவு திறந்தால் செய்தி வரும் வகை. வாடகைக்குக் கேட்டு இரண்டு மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்.

பொதுத்தேர்வின் கடைசி நாள்வரை அந்த அறை பூட்டியே கிடந்தது.